சிறிய மடிக்கணினியை நீங்களே பொருத்துவது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு

நாமே பொருத்திக்கொள்ளும் மடிக்கணினி என்று சொன்னதும் பலருக்கும் கண்முன் வருவது பற்றவைப்புக் கருவி, புகை, மேசை முழுக்கப் பரவிக் கிடக்கும் நூறு உதிரிகள். உண்மையில் வேலை அவ்வளவு இல்லை. ரேமையும் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) எஸ்எஸ்டியையும் (கோப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) செருக வேண்டும், சில திருகுகளை முறுக்க வேண்டும், விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை நிறுவ வேண்டும். எனக்கு முதல் முறை ஒரு மணி நேரம் ஆனது. பிறகு என் தங்கைக்காக இன்னொன்றைப் பொருத்தியபோது இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது கைவேலையில் இல்லை. பெட்டி வருவதற்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவுகளிலும், முதல் முறை பொத்தானை அழுத்திய பிறகு வரும் சில நிமிடங்களிலும்தான் தடுமாறுகிறார்கள். இப்படி ஒரு கருவியில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்தக் கட்டுரையும் அதில்தான் எழுதப்படுகிறது. ஆகவே அந்த இரண்டு இடங்களில் மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எந்த வகையை எடுப்பது

இந்தத் துறையில் அதிகம் அறியப்பட்ட பெயர் ஃபிரேம்வொர்க். நீரவ் படேல் தொடங்கிய இந்த அமெரிக்க நிறுவனம் தன் முதல் மடிக்கணினியை 2021இல் அனுப்பத் தொடங்கியது. 13.5 அங்குலத் திரை, உலோக உடல், ஏறத்தாழ 1.3 கிலோ எடை. இதைச் சுருக்கமாக 13 என்கிறேன். அதை முழுமையாகப் பொருத்திய நிலையிலும் வாங்கலாம். ரேம், எஸ்எஸ்டி, இயங்குதளம் எதுவும் இல்லாமல், மிச்சத்தை நீங்களே செய்துகொள்ளும் வகையாகவும் வாங்கலாம். 2025இல் அதைவிடச் சிறிய 12.2 அங்குல மாடலை (இனி 12) அறிவித்தார்கள். அதில் தொடுதிரை உண்டு, திரையை முழுவதும் பின்னால் மடித்துப் பலகைபோல் பிடித்துக்கொள்ளலாம், பேனாவால் எழுதலாம்.

திரை சிறியது என்பதால் எடையும் குறைவாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 12 அங்குல மாடலும் அதே 1.3 கிலோதான். அதன் உடல் கீழே விழுந்தாலும் தாங்கும்படி பிளாஸ்டிக்கும் ரப்பர் போன்ற ஓரமும் சேர்த்து வடிவமைக்கப்பட்டது. மடங்கும் கீலும் தொடுதிரைக் கண்ணாடியும் தங்கள் பங்குக்கு எடை கூட்டுகின்றன. பையில் அது எடுத்துக்கொள்ளும் இடம் குறைவு, தோளில் உணரும் சுமை அதே அளவு. மேலும் அதில் விசைகளுக்குப் பின்னால் விளக்கு இல்லை, விரல்ரேகை உணரியும் இல்லை. இரவில் இருட்டறையில் தட்டச்சு செய்யும் பழக்கம் உள்ளவர்கள் இதை வாங்கும் முன்பே யோசித்துவிடுவது நல்லது. மாணவர்களுக்கும், படம் வரைபவர்களுக்கும், கருவியைக் கையாள்வதில் அவ்வளவு கவனமில்லாதவர்களுக்கும் 12 பொருந்தும். நாள் முழுக்க எழுதுபவர்களுக்கும் நிரல் எழுதுபவர்களுக்கும் 13ஐத்தான் சொல்வேன். அதன் திரை 3:2 விகிதத்தில் உயரமாக இருப்பதால் ஒரே பார்வையில் கூடுதல் வரிகள் தெரியும். பழகிய பிறகு அகலத்திரைக்குத் திரும்புவது கடினம்.

இன்னும் சிறியது வேண்டும், உள்ளே இருக்கும் மின்சுற்று வரைபடம் வரை எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு பெர்லினிலுள்ள எம்என்டி ரிசர்ச் செய்யும் பாக்கெட் ரிஃபார்ம் இருக்கிறது. 7 அங்குலத் திரை, இயந்திர விசைப்பலகை, டச்பேடுக்குப் பதிலாக உருட்டுப்பந்து. அலைபேசிகளில் இருப்பதுபோன்ற ஏஆர்எம் வகைச் செயலி, லினக்ஸ் மட்டும். அது அருமையான கருவி, நேசிக்கத்தக்கது. ஆனால் உங்கள் ஒரே கணினியாகவும் முதல் முயற்சியாகவும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இனி நான் சொல்லப்போவது முந்தைய இரண்டு வகைகளை மனத்தில் வைத்துத்தான்.

உதிரிகளின் பட்டியல்

ரேமிலிருந்து தொடங்குவோம். மடிக்கணினிக்கான ரேமின் பெயர் எஸ்ஓ-டிம். இதில் டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு தலைமுறைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கு 260 தொடுமுனைகள், மற்றொன்றுக்கு 262. நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. வாங்கும் மாடலின் பக்கத்தில் எந்தத் தலைமுறை என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். செயலியின் வயதை வைத்து ஊகிக்காதீர்கள்: இன்டெலின் 13ஆம் தலைமுறைச் செயலி ஃபிரேம்வொர்க் 13இல் டிடிஆர்4 கேட்கும், அதே தலைமுறை 12இல் டிடிஆர்5 கேட்கும்.

12இல் ஒரே ஒரு ஸ்லாட்தான் உண்டு, அதிகபட்சம் 48 ஜிபி. 13இல் இரண்டு ஸ்லாட். இரண்டு இருந்தால் இரண்டிலும் சம அளவில் போடுங்கள். தனி கிராஃபிக்ஸ் சில்லு இல்லாத இந்தக் கருவிகளில் திரையில் தெரியும் காட்சிக்கும் இதே ரேம்தான் பயன்படுகிறது. 16 ஜிபி ஒன்றைப் போடுவதைவிட 8 ஜிபி இரண்டைப் போட்டால் தரவு ஒரே நேரத்தில் இரண்டு வழிகளில் ஓடும். விளையாட்டிலும் வீடியோ வேலையிலும் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அதே சமயம், சில ஆண்டுகளில் கூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் இன்று ஒரே 16 ஜிபியோடு தொடங்கி, நாளை இன்னொன்று சேர்ப்பதும் நியாயம்தான். ரேம் என்பது இங்கே ஒட்டப்பட்ட பொருள் இல்லை. அந்தச் சுதந்திரத்துக்காகத்தானே இந்த வகையைத் தேடி வந்தீர்கள்.

எஸ்எஸ்டியில் ஒரு பொறி இருக்கிறது. எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டிகள் பொதுவாக 22 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை, நீளம்தான் மாறும். 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2230 என்றால் 30. ஃபிரேம்வொர்க் 13க்கு 2280, 12க்கு 2230. பழைய கணினியிலிருந்து கழற்றிய நீளமான எஸ்எஸ்டியை 12இல் பயன்படுத்தலாம் என்று திட்டமிட்டால் ஏமாந்துபோவீர்கள். என்விஎம்இ (வேகமான இணைப்பு முறை) என்று எழுதியிருக்க வேண்டும். சாட்டா என்ற பழைய இணைப்பு முறையிலான எம்.2 வேண்டாம். மேலே தடித்த உலோகத் தகடு ஒட்டிய எஸ்எஸ்டி மேசைக் கணினிக்கானது, அது மடிக்கணினிக்குள் அடங்காது. வேகத்தில் உச்சத்தில் இருப்பதை வாங்கவும் தேவையில்லை. சும்மா இருக்கும்போது குறைந்த மின்சாரம் எடுக்கும் நடுத்தர எஸ்எஸ்டி உங்கள் பேட்டரிக்கு அதிக நன்மை செய்யும்.

பக்கவாட்டுப் போர்ட்டுகளை நாமே தேர்ந்தெடுப்பது இந்தக் கருவிகளின் தனி இன்பம். நான்கு பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சிறிய அட்டை ஒன்றைச் செருகலாம்: யுஎஸ்பி-சி, யுஎஸ்பி-ஏ, எச்டிஎம்ஐ, மைக்ரோ எஸ்டி, ஈதர்நெட் என்று பல. உள்ளே எல்லாமே யுஎஸ்பி-சி இணைப்புதான், அட்டை அதை உருமாற்றித் தருகிறது. என் ஆலோசனை: யுஎஸ்பி-சி இரண்டு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எந்தப் பக்கத்தில் மின்சாக்கெட் இருந்தாலும் சார்ஜ் செய்யும் வசதி எவ்வளவு பெரிது என்பது பயன்படுத்தும்போதுதான் புரியும். யுஎஸ்பி-ஏ ஒன்று. நான்காவது எச்டிஎம்ஐயா மெமரி கார்டா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. எட்டு அட்டைகள் வாங்கிப் பெட்டியில் போட்டுவைக்க வேண்டாம். நானும் ஆறு வாங்கினேன், இரண்டு இன்றுவரை உறை பிரிக்கப்படவில்லை.

எல்லாப் பள்ளங்களும் ஒன்றுபோல் வேலை செய்யும் என்றும் நினைக்க வேண்டாம். ஏஎம்டி ரைசன் 7040 வரிசைச் செயலியுள்ள பலகை (மதர்போர்டு, எல்லா உதிரிகளும் இணையும் இடம்) கொண்ட 13இல் கீலுக்கு அருகிலுள்ள இரண்டு மட்டுமே அதிவேக யுஎஸ்பி4; முன்புறம் உள்ளவற்றில் ஒன்று திரை இணைப்பையே தராது. அங்கே எச்டிஎம்ஐ அட்டையைச் செருகிவிட்டுக் கூட்ட அறையில் திணற வேண்டியிருக்கும். மாடலுக்குரிய படம் நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அட்டைகளுக்கு இடம் ஒதுக்குங்கள்.

சார்ஜர் சேர்ந்து வராத வகையாக இருக்கலாம். 60 வாட்டுக்குக் குறையாத, பவர் டெலிவரி வசதியுள்ள எந்த யுஎஸ்பி-சி சார்ஜரும் போதும்.

கடைசியாக ஒன்று. இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்: பெட்டி வருவதற்கு முன்பே, வேறு ஒரு கணினியில் இயங்குதளம் நிறுவும் பென் டிரைவைத் தயாரித்து வையுங்கள். 8 ஜிபி இருந்தால் போதும். பழைய கணினியை விற்றுவிட்டுப் புதிய பெட்டியைப் பிரித்தால், நிறுவுவதற்கான கோப்பை இறக்கக்கூட வழி இருக்காது.

மேசையும் கையும்

வெளிச்சம் நன்றாக விழும் மேசை, அதன்மேல் ஒரு பருத்தித் துணி. கம்பளம் விரித்த தரையும் செயற்கை இழை ஆடையும் நிலைமின்சாரத்தைச் சேர்ப்பவை, இரண்டையும் தவிருங்கள். உதிரியைத் தொடும் முன் தரையிணைப்புள்ள ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிடுங்கள். ரேமையும் எஸ்எஸ்டியையும் ஓரங்களில் பிடியுங்கள், பொன்னிறப் பற்களில் விரல் படக் கூடாது. தேவையான திருப்புளி பெட்டிக்குள்ளேயே வரும். அதன் முனை ஆறு இதழ் நட்சத்திரம்போல் இருக்கும் டார்க்ஸ் வகை, அளவு டி5. சமையலறையில் கிடக்கும் திருப்புளியால் முயன்று திருகின் தலையைக் கெடுத்துவிடாதீர்கள்.

திறந்து, பொருத்தி, மூடுவது

மாடலுக்கு மாடல் சிறு வேறுபாடுகள் உண்டு. சிலவற்றில் விசைப்பலகைத் தட்டைக்கூட நீங்களே முதல்முறை இணைக்க வேண்டியிருக்கும். உதிரிகளின் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியை அலைபேசியில் பிடித்தால் அந்த உதிரிக்குரிய படவிளக்கம் திறக்கும். வேலையைத் தொடங்கும் முன் ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள். இங்கே 13ஐ எடுத்துக்கொண்டு ஓட்டத்தைச் சொல்கிறேன்.

சார்ஜரைக் கழற்றுங்கள், கருவி முழுதும் அணைந்திருக்கட்டும். கவிழ்த்து வைத்து அடியிலுள்ள ஐந்து திருகுகளைத் தளர்த்துங்கள். அவை வெளியே வந்து விழாது. உடலோடேயே தங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். ஆகவே திருகு வரவில்லையே என்று முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டாம், தளர்ந்ததும் நிறுத்துங்கள்.

இங்கேதான் பழைய மடிக்கணினிகளைப் பிரித்துப் பழகியவர்கள் தவறு செய்கிறார்கள். கையிலிருக்கும் பழக்கத்தில் அடித்தகட்டை நெம்பப் பார்ப்பார்கள். இந்தக் கருவி அடிப்பக்கமாகத் திறப்பதில்லை. நேராக நிமிர்த்தி, திரையைத் திறந்து, விசைப்பலகை இருக்கும் மேல்தட்டைத் தூக்க வேண்டும். அது காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும், மெல்லப் பிரியும். ஆனால் சட்டென்று முழுவதும் இழுத்துவிடக் கூடாது. அடியில் ஒரு தட்டையான ரிப்பன் கேபிள் அதை மதர்போர்டோடு இணைத்திருக்கிறது. தட்டைச் சற்றே உயர்த்தி, கேபிள் முனையிலுள்ள பிடியை நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள். பிறகு தட்டைத் தனியே எடுத்து வையுங்கள்.

உள்ளே பார்க்கும் அந்தக் கணம் எனக்கு இன்றும் பிடிக்கும். விசிறி, பேட்டரி, ஒலிபெருக்கி, எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியிருக்கும். எதுவும் மறைக்கப்படவில்லை. பத்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள், பின்னாளில் ஏதாவது கெட்டால் இந்தப் பார்வை கைகொடுக்கும். ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் மேல் மட்டும் கூர்மையான எதையும் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரியில் துளை விழுந்தால் தீப்பிடிக்கும்.

ரேமைச் சாய்வாக, முப்பது பாகை அளவில் பிடித்து, வெட்டும் ஸ்லாட்டின் முள்ளும் நேர்படும்படி வைத்து உள்ளே அழுத்துங்கள். பொன்னிறப் பற்கள் ஏறத்தாழ முழுதும் மறையும்வரை தள்ள வேண்டும். இதற்குப் புதியவர்கள் எதிர்பார்ப்பதைவிடச் சற்று அதிக விசை வேண்டியிருக்கும். பிறகு கீழ்நோக்கி அழுத்தினால் இருபுறக் கொக்கிகளும் ஓசையோடு பூட்டிக்கொள்ளும். ஓசை கேட்காவிட்டால் பொருந்தவில்லை என்று பொருள். வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். அரைகுறையாகச் செருகிய ரேம்தான் முதல் நாள் சிக்கல்களில் பாதி.

எஸ்எஸ்டிக்கு முதலில் அதன் சிறு திருகைக் கழற்றி வையுங்கள். சாய்வாகச் செருகியதும் எஸ்எஸ்டி தானாக மேலே எழும்பி நிற்கும். அது கோளாறு இல்லை, வில்போல் அப்படித்தான் நிற்கும். ஒரு விரலால் கீழே பிடித்துக்கொண்டு திருகைப் போடுங்கள். இறுகியதும் நிறுத்துங்கள், பலம் காட்ட வேண்டாம்.

வைஃபை அட்டை முன்பே பொருத்தப்பட்டு வந்தால் அதைத் தொடாதீர்கள். நீங்களே பொருத்த வேண்டியிருந்தால், மொத்த வேலையிலும் பொறுமை கேட்பது இதுதான். மிளகைவிடச் சிறிய வட்ட இணைப்பு இரண்டை அட்டையின் முளைகள்மேல் நேராக வைத்து அழுத்த வேண்டும். விரல்நுனியால் தடவி நடுவுக்குக் கொண்டுவந்து, சரியாக அமர்ந்தது என்று உணர்ந்த பிறகே அழுத்துங்கள். சாய்வாக அழுத்தினால் வளையம் நசுங்கிவிடும். எனக்கு நான்கு முறை ஆனது.

மூடும்போது ரிப்பன் கேபிளை மறுபடி இணைக்க மறக்காதீர்கள். தட்டு காந்தத்தில் சேர்ந்த பிறகு திருகுகளை முழுதும் இறுக்கும் முன் சார்ஜரை இணைத்து ஒருமுறை இயக்கிப் பார்ப்பது என் வழக்கம்.

இருண்ட திரை

பொத்தானை அழுத்துகிறீர்கள். விளக்கு எரிகிறது, விசிறிகூடச் சுற்றலாம், திரையில் எதுவுமே இல்லை. பத்து நொடி. அரை நிமிடம். ஒரு நிமிடம். எதையோ கெடுத்துவிட்டோம் என்று வயிறு கலங்கும்.

எதுவும் கெடவில்லை. புதிய ரேமை முதன்முதலாகச் சந்திக்கும்போது, எந்த வேகத்தில் எந்த நேர இடைவெளியில் அதோடு பேசினால் பிழை வராது என்று கணினி சோதித்துப் பார்க்கிறது. டிடிஆர்5இல் வேகம் அதிகம் என்பதால் இந்தச் சோதனை நீளும். ரேமின் அளவு கூடக் கூட நேரமும் கூடும். சில நிமிடங்கள் பிடிக்கலாம். நடுவில் தானாக அணைந்து எழுவதும் இயல்பு. முடிந்ததும் முடிவுகளைச் சேமித்துக்கொள்ளும், அடுத்த முறை விரைவாகத் திறக்கும்.

இது எனக்குத் தெரியாது. முதல் நாள் மூன்று முறை பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன், மூன்று முறை ரேமைக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு முறையும் சோதனையை நானே பாதியில் நிறுத்திக்கொண்டிருந்தேன். நான்காவது முறை மனம் சோர்ந்து அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் திரையில் நிறுவனச் சின்னம். ஆகவே சார்ஜரை இணைத்து, பொத்தானை ஒருமுறை அழுத்தி, பத்து நிமிடம் அதைத் தொடாமல் இருங்கள்.

பத்து நிமிடத்துக்குப் பிறகும் ஒன்றும் வராவிட்டால் பக்கவாட்டு விளக்குகளைப் பாருங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் மாறி மினுக்கும் வரிசைக்கு ஒரு பொருள் உண்டு. அதை அலைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு நிதானமாக எண்ணினால், எந்த உதிரியில் தடங்கல் என்பதை விளக்கப் பக்கத்தோடு ஒப்பிட்டு அறியலாம். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து முயலுங்கள்.

இயங்குதளத்துக்கு முன்னால் ஒரு சோதனை

இயங்குதளத்தை நிறுவும் முன் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலைப் பென் டிரைவிலிருந்து ஓட்டுங்கள். அங்கீகாரம் இல்லாத நிரலைத் தொடங்கவிடாத பாதுகாப்புத் துவக்கம் (செக்யூர் பூட்) தடுத்தால், பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அதைத் தற்காலிகமாக அணைத்துக்கொள்ளலாம். ஒரு முழுச் சுற்று முடிய மணிக்கணக்கில் ஆகலாம், இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் ரேமில் ஒன்று குறையுள்ளது. கணினி இயங்கும், வாரத்துக்கு இரண்டு முறை காரணமில்லாமல் உறையும். இயங்குதளத்தைக் குற்றம் சொல்லி இரண்டு முறை மாற்றி நிறுவினேன். ஆறு வாரம் கழித்துச் சோதித்தபோது சில நிமிடங்களிலேயே சிவப்பு வரிகள் நிறைந்துவிட்டன. விற்றவர் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார். ஆனால் அந்த ஆறு வாரம் போனது போனதுதான். நீங்களே உதிரிகளைச் சேர்க்கும்போது அவற்றைச் சோதிக்கும் பொறுப்பும் உங்களுடையதாகிறது.

ஃபிரேம்வொர்க்கில் இயக்கியவுடன் எஃப்12ஐத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும், எஃப்2 பயாஸுக்குள் அழைத்துச் செல்லும். லினக்ஸ் விரும்புபவர்களுக்கு ஃபெடோராவும் உபுண்டுவும் நிறுவனமே ஆதரிக்கும் தேர்வுகள். புதிய செயலி என்றால் புதிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வேண்டும், ஆகவே பழைய பதிப்பை நிறுவாதீர்கள். விண்டோஸ் 11 நிறுவுபவர்களுக்கு ஒரு தடை வரும்: நிறுவும் நடுவில் இணைய இணைப்பு கேட்கும், வைஃபை அட்டைக்கான டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) அப்போது இருக்காது. அலைபேசியை யுஎஸ்பி வழியாக இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால் தாண்டிவிடலாம். நிறுவியதும் கருவிக்குரிய டிரைவர் தொகுப்பை இறக்கிப் போடுங்கள். விண்டோஸ் உரிமத்தைத் தனியே வாங்க வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பயாஸைப் புதுப்பியுங்கள். சார்ஜர் இணைந்திருக்கட்டும், நடுவில் அணைக்காதீர்கள்.

முதல் வாரத்தில் சரிசெய்ய வேண்டியவை

திரை எழுத்தின் அளவுதான் முதலில் உறுத்தும். 13இன் தொடக்ககாலத் திரை 2256 × 1504 புள்ளிகள் கொண்டது. நூறு விழுக்காட்டில் எழுத்து எறும்புபோல் இருக்கும், இருநூறில் திரை சுருங்கிவிடும். நூற்றைம்பதுதான் சரி, ஆனால் லினக்ஸில் சில பழைய செயலிகள் அந்த இடைநிலை அளவில் மங்கலாகத் தெரியும். பின்னால் வந்த 2880 × 1920 திரையில் இருநூறு விழுக்காடே பொருந்திவிடுகிறது, எழுத்து அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. லினக்ஸ் பயன்படுத்துபவர் என்றால் அந்தத் திரைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீணாகாது.

பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒரே எண்ணாகப் பதில் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே கணக்கிடலாம். 12இன் பேட்டரி 50 வாட்-மணி. கட்டுரை எழுதும்போது கணினி 5 வாட் எடுத்தால் பத்து மணி நேரம், வீடியோ அழைப்பில் 10 வாட் எடுத்தால் ஐந்து மணி நேரம். திரை வெளிச்சம்தான் இதில் பெரிய பங்கு. அடுத்தது, செருகி வைத்திருக்கும் அட்டைகள். யுஎஸ்பி-சி தவிர்த்த சில அட்டைகள் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் உறிஞ்சும். பயணத்தின்போது எச்டிஎம்ஐ அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறேன்.

மூடி வைத்தாலும் பேட்டரி கரைவது இந்த வகைக் கருவிகளில் பலரும் வருந்தும் விஷயம். இன்றைய செயலிகள் முழுதாக உறங்குவதில்லை, அரைத்தூக்கத்தில் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை மூடி வைத்துத் திங்கட்கிழமை திறந்தால் பேட்டரி வெறுமையாக இருக்கலாம். சில மணி நேரம் கழிந்ததும் நினைவை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு முழுதும் அணையும்படி அமைத்துவிடுங்கள். விண்டோஸில் இது ஓர் அமைப்பு மட்டுமே. லினக்ஸில் ரேம் அளவுக்கு இடம் ஒதுக்க வேண்டும், பாதுகாப்புத் துவக்கம் இயங்கினால் பல வெளியீடுகளில் அது தடுக்கப்படும். அவ்வளவு மெனக்கெட விருப்பமில்லை என்றால் இரவில் முழுதாக அணைத்துவிடுங்கள், மறுநாள் சில நொடிகளில் எழுந்துவிடும்.

பெரும்பாலும் சார்ஜரோடே வேலை செய்பவர்கள் பயாஸில் சார்ஜ் வரம்பை 80 விழுக்காட்டில் நிறுத்துங்கள். எப்போதும் நூறில் சூடாக நிற்கும் பேட்டரி விரைவில் முதுமை அடையும்.

விசிறிச் சத்தம் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய உடல், சிறிய விசிறி, ஆகவே அது வேகமாகச் சுற்றித்தான் சூட்டைத் தள்ள முடியும். கனமான வேலையில் அமைதியான அறையில் அது கேட்கும். மின்சேமிப்பு நிலைக்கு மாற்றினால் எழுத்து வேலையில் பெரும்பாலும் மௌனம். இது உங்களுக்குத் தாங்காது என்றால் விசிறியே இல்லாத கணினியைத் தேடுங்கள், இதை வாங்கிவிட்டுக் கோபப்படாதீர்கள்.

ஆண்டுகள் கழித்து

வாங்கும்போது கொடுத்த கூடுதல் விலைக்கான பதில் இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் வருகிறது. ஃபிரேம்வொர்க் 13இன் தொடக்ககாலக் கீல் தளர்வாக இருந்தது. திரை நிற்க வேண்டிய கோணத்தில் நிற்காமல் ஆடும். பின்னர் இறுக்கமான கீலைத் தனி உதிரியாகவே வெளியிட்டார்கள், பழைய உடலில் அதை மாட்டிக்கொள்ள முடிந்தது. பேட்டரியும் அப்படியே: 55 வாட்-மணி இருந்த அதே இடத்தில் 61 வாட்-மணி பேட்டரி பொருந்துகிறது. 2021ஆம் ஆண்டு உடலில் 2025இல் வந்த ரைசன் ஏஐ 300 வரிசை மதர்போர்டைப் பொருத்தலாம். வேறு எந்த மடிக்கணினியில் இதைச் செய்ய முடிந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மதர்போர்டை மாற்ற முடிவு செய்தால் ரேம் தலைமுறையை முதலில் பாருங்கள். டிடிஆர்4 பலகையிலிருந்து டிடிஆர்5 பலகைக்குப் போனால் பழைய ரேம் கூடவே வராது. எஸ்எஸ்டியும் போர்ட் அட்டைகளும் வரும். பலகையைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பைக் கட்டாயம் பிரிக்க வேண்டும், ரேம் மாற்றுவதுபோல் லேசான வேலை இல்லை இது. பழைய பலகையைத் தூக்கி எறியாதீர்கள். திரையும் பேட்டரியும் இல்லாமலே இயங்கும்படி பயாஸில் அமைத்து, யுஎஸ்பி-சி சார்ஜரையும் ஒரு வெளித்திரையையும் இணைத்தால் அது சிறிய மேசைக் கணினி ஆகிவிடும். என் பழைய பலகை இப்போது வீட்டின் கோப்புகளைக் காக்கும் சேமிப்பகமாக அலமாரியில் ஓடுகிறது.

புதிய பலகையைப் பூட்டி, திருகுகளை இறுக்கி, பொத்தானை அழுத்தியதும் திரை மறுபடியும் இருண்டு நிற்கும். சார்ஜரை இணைத்துவிட்டு, பத்து நிமிடம் அதைத் தொடாமல் இருங்கள்.